வெள்ளை அட்டை

பணகுடி தாண்டி, காத்தாடிகளுக்கு நடுவில்
இருந்தது அந்த இல்லம்.
மேனேஜர் ஸ்டான்லி மோர் கொடுத்தார்.
பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை,
செவ்வாய்தோறும் டாக்டர் என்று
ஒப்பித்துக்கொண்டே கூட வந்தார்.
நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
மஸ்கட்டிலிருந்து தம்பி
போனுக்குள் இருந்து தலையாட்டினான்.
"நீ முடிவெடுத்தாச் சரிக்கா,
பணம் நான் பாத்துக்கிடுதேன்."

அப்பாவைக் காணோம்.

வாசல் சுவரில் மீட்டர் பெட்டி முன்னால்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நின்றிருந்தார்.
முப்பத்தொரு வருஷம்
பேட்டை, பழையபேட்டை, கண்டியப்பேரி என்று
வீடு வீடாய் ரீடிங் எடுத்த மனுஷன்.
ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டையை
ஜாதகம்போல் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன கட்டிலு?"
"முப்பத்திரண்டு ஐயா."
"பேனு?"
"பதினெட்டு."
"போன சித்திரைக் கணக்குல
முந்நூத்திப் பத்து யூனிட்டுதான் ஓடிருக்கு."
ஸ்டான்லி சிரித்தார்.
"இங்க காத்து பிச்சிக்கிட்டுப் போகும் ஐயா,
பேனே வேண்டாம்."
"ஆனி ஆடி, சரி," என்றார் அப்பா.
"சித்திரையில?"
வெளியே ஒரு காத்தாடியும் அசையவில்லை.

அதற்குள் அம்மா ஒரு கட்டிலில் உட்கார்ந்து
தலையணையைத் தட்டிப் பார்த்துவிட்டாள்.
"ரூம் நல்லாருக்கு.
கோயிலுக்கு எப்பம் போவணும்?"
பக்கத்துக் கட்டில்காரி
முகத்தைத் திருப்பாமல் சொன்னாள், "நாளைக்கு."
பலபேருக்குச் சொல்லிப் பழகிய குரல்.

தை மாதம் ஒருநாள் விடியக்காலம் மூன்று மணிக்கு
அம்மா ரயில்வே கேட் வரை போய்விட்டாள்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.
கேட்கீப்பர்தான் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.
அன்றிலிருந்து அவள் சேலைத் தலைப்பைத்
தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான்
அப்பா தூங்குகிறார்.
தூங்குகிறார் என்பது நான் சொல்வது.
எழுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை,
கேஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்று
ராத்திரியில் நாலு தடவை எழும்புகிறவர்.
அந்த நாலு தடவையும்
அவளும் கூடவே எழும்பி நடக்கிறாள்.

இரண்டாவது இடம் பாளையங்கோட்டையில்,
மகாராஜநகர் பக்கம்.
அட்டையைப் பார்த்தார்: ஆயிரத்து நூற்றி நாற்பது.
"இது ஆள் இருக்கிற வீடு," என்றார்.
எனக்கு மூச்சு வந்தது.
அப்புறம்தான் அந்தம்மா சொன்னார்கள்,
பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில்,
பார்க்கிற நேரம் நாலிலிருந்து ஆறு.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
படிக்கட்டருகே போய் எண்ணிவிட்டு வந்தார்.
இருபத்திரண்டு.
இடது மணிக்கட்டை
வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று
யாரும் கேட்கவில்லை.
பெருமாள்புரத்தில் எனக்கு மூன்று அறை வீடு.
தம்பிக்குத் தெரியும். அவன் கேட்க மாட்டான்.
நான் கேட்டுவிடுவேனோ என்று அவனுக்கும் பயம்.

சாயங்காலம் பேட்டை வீட்டில்
விண்ணப்பம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது.
அப்பா சொன்னார்,
"ஒன் வீட்டு அட்டையக் காட்டு ளா."
இப்போதெல்லாம் போனில்தான் வருகிறது என்று
மெசேஜைத் திறந்து கொடுத்தேன்.
கையை நீட்டித் தூரமாய்ப் பிடித்து
ஆறு மாதக் கணக்கை வாசித்தார்.
ரொம்ப நேரம் வாசித்தார்.

"பகல்ல ஆள் இல்லாத வீடு," என்றார்.
குத்திச் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் சொல்லியிருப்பார்,
பூட்டிய கதவுகளைப் பார்த்து.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
சேர்ப்பவர் பெயர், உறவு.
பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.
அப்பா அதை நாலாய் மடித்து
தன் வீட்டு வெள்ளை அட்டைக்குள் செருகினார்.
"அடுத்த ரீடிங் வரைக்கும் பாப்பம்."

அடுத்த ரீடிங் சித்திரை கடைசியில்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது
உள்ளே அம்மா கேட்பது காதில் விழுந்தது.
அப்பா முடிச்சுப் போட்டுக்கொண்டே
"நாளைக்கு," என்றார்.